ஓவியன் ஏன் படிக்க வேண்டும்?

ஓவியக் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கும் ஒரு தம்பி இப்படிக் கேட்டிருந்தார்: "சார், புத்தகம் படி, பார்த்ததை எழுது, கூடப் படிப்பவர்களோடு விவாதி என்று ஒரு முகாமில் எங்களிடம் சொன்னீர்கள். எங்கள் சீனியர்களோ, 'ஓவியன் கையால் யோசிப்பவன், பேசுவதும் எழுதுவதும் விமர்சகன் வேலை' என்கிறார்கள். எது சரி? நம் ஓவியர்கள் பலர் ஒரே மாதிரிப் படத்தையே ஆயுள் முழுக்க வரைகிறார்களே, அதற்குக் காரணம் அவர்களா, அவர்கள் படித்த கல்லூரியா?"

தம்பி, சீனியர்கள் சொன்னதில் பாதி உண்மை. அதை முதலில் ஒத்துக்கொள்கிறேன். கரித்துண்டைக் கையில் எடுக்கும்வரை நான் என்ன வரையப் போகிறேன் என்று எனக்கே தெரியாது. கோடு போகப் போகத்தான் எண்ணம் பிறக்கும். ஆனால் கையால் யோசிப்பது வேறு, கைப்பழக்கம் வேறு. யோசிக்கிற கை தடுமாறும், அழிக்கும், போன வாரம் போட்ட கோட்டை இந்த வாரம் சந்தேகப்படும். பழகிய கைக்கு அந்தத் தொல்லையே கிடையாது. ஒரே பெண் முகம், அதே மீன் விழி, அதே மஞ்சள் பின்னணி என்று இருபது வருடம் வரைந்தவரின் படங்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். எந்த இடத்திலாவது அவர் திகைத்து நின்றது தெரிகிறதா? தெரியவில்லை என்றால் அந்தக் கை யோசித்து வெகுநாள் ஆகிவிட்டது.

என் கதை ஒன்றைச் சொன்னால்தான் மீதி விளங்கும். நான் படித்த கல்லூரியின் பெயர் வேண்டாம், எல்லா இடத்திலும் அப்போது அப்படித்தான் இருந்தது. கடைசி ஆண்டுத் தேர்வுக்கு ஆறு எண்ணெய் வண்ண ஓவியங்கள் வைத்திருந்தேன். ஐந்து மாத உழைப்பு. அதில் ஒன்று எங்கள் பாட்டி வீட்டு மாட்டுத் தொழுவம். மாடு இல்லாத தொழுவம். மண் தரை, இரண்டு முளைக்குச்சி, சுவரில் தொங்கும் கயிறு, ஓட்டு இடுக்கு வழியாக விழும் வெயில். வெளித் தேர்வாளர் வந்தார். "மீடியம்?" என்றார். "ஆயில் சார்." "சைஸ்?" "நாலுக்கு மூணு சார்." கிட்டே வந்து பார்த்து, "ஃபினிஷிங் நன்றாக இருக்கிறது" என்றார். அடுத்த மாணவனிடம் போய்விட்டார். நல்ல மதிப்பெண் வந்தது. எனக்கு அன்றைக்குத் தரையில் கால் பாவவில்லை.

அந்தத் தொழுவம் ஏன் காலியாக இருக்கிறது என்று அவர் கேட்கவில்லை. என் ஆசிரியர்களும் அந்த ஐந்து மாதத்தில் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மழை பொய்த்த வருடத்தைப் பற்றிப் பேசியிருப்பேன். கடைசி இரண்டு மாடுகளைச் சந்தைக்கு ஓட்டிப்போன அன்று பாட்டி சாணம் அள்ளிய கூடையைக் கழுவிக் கவிழ்த்து வைத்ததைச் சொல்லியிருப்பேன். சொல்லிக்கொண்டே வரும்போது எனக்கே ஒன்று உறைத்திருக்கும்: என் படத்தில் வெயில் பொன்னாக விழுகிறது. மாடு விற்ற வீட்டில் வெயில் அப்படியா விழும்? அந்தப் பொன் வெயில் நான் கண்ணால் கண்டதல்ல. காலண்டர் படங்களிலிருந்து என் கைக்குள் புகுந்துகொண்டது. இதை நான் கண்டுபிடிக்கப் பதினோரு வருடம் ஆயிற்று. அதுவும் ஒரு நண்பன், ஓவியனே அல்ல, பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுப்பவன், படத்தைப் பார்த்துவிட்டு, "துக்கம் நடந்த வீட்டில் சீரியல் விளக்குப் போட்ட மாதிரி இருக்கிறதே" என்று சொன்ன பிறகுதான். மறு வருடம் அதே தொழுவத்தை வெறும் சாம்பலும் செம்மண்ணுமாக மறுபடி வரைந்தேன். என்னுடைய முதல் படம் என்று நான் நினைப்பது அதைத்தான்.

ஒரு கேள்வி, ஒரு வாக்கியம், படத்தின் நிறத்தையே மாற்றிவிட்டது. கைக்கு வெளியே நடந்த யோசனை கைக்குள் போய்ச் சேர்ந்தது. படிப்பு, பேச்சு, எழுத்து என்று நான் முகாமில் சொன்னது இதற்காகத்தான். கண்காட்சித் திறப்பு விழாவில் மைக் பிடித்துப் பேச உதவும் என்று சொல்லவில்லை.

சரி, ஏன் யாரும் கேட்கவில்லை? அந்தத் தேர்வாளர் மேல் எனக்குக் கோபம் கிடையாது. அவரையும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். கையை மட்டும் சோதிக்கிற இந்தப் பழக்கம் நம்மிடம் நூற்றைம்பது வருடத்துக்கும் மேலாக இருக்கிறது.

சென்னைக் கலைப் பள்ளியை 1850இல் தொடங்கியவர் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர். ஓரிரு ஆண்டில் அரசாங்கம் அதை ஏற்றுக்கொண்டது. அங்கே என்ன நடந்தது என்று பார்த்தால், மண்பாண்டம், மர வேலை, உலோக வேலை, செதுக்கு வேலை. நல்ல கைவினைஞர்களையும் வரைவாளர்களையும் உருவாக்குவதுதான் நோக்கம். நம் வீட்டு அலுமினியப் பாத்திரங்களின் கதையே அங்கேதான் ஆரம்பம். 1898இல் ஆல்பிரட் சாட்டர்டன் அந்தப் பள்ளியின் பட்டறையில் அலுமினியத்தில் பாத்திரம் செய்யும் தொழிலைத் தொடங்கிவைத்தார். எனக்கு இதில் ஒரு குறையும் தெரியவில்லை, பெருமைதான். ஆனால் பட்டறைக்கு வேண்டிய பாடத்திட்டம் ஒன்று உண்டு. பார்த்ததை அச்சாகப் பார்த்தபடி வரை, அளவு தவறாதே, கோடு சுத்தமாக இருக்கட்டும், எதற்காக என்று கேட்காதே. பிற்பாடு பட்டறை போய்க் கல்லூரி வந்தது, பட்டம் வந்தது. 'எதற்காக என்று கேட்காதே' மட்டும் போகவில்லை.

ஓவிய ஆசிரியர் ஆவதற்கு அரசுத் தொழில்நுட்பத் தேர்வு எழுதுவார்களே, ஃப்ரீஹேண்ட், மாடல் டிராயிங், லோயர், ஹையர் என்று, அதை நினைத்துக்கொள்ளுங்கள். மேஜைமேல் ஒரு குடம், ஒரு பெட்டி. சுற்றி உட்கார்ந்து வரைய வேண்டும். குடத்தின் விளிம்பு நீள்வட்டம் சரியாக வந்தால் பாஸ். இந்தத் தேர்வு கூடாது என்று நான் சொல்லமாட்டேன். நீள்வட்டம் வராதவனுக்குக் குடமும் வராது. ஆனால் அதில் தேறியவர்தான் பள்ளிக்கு ஆசிரியராகப் போகிறார். அவரிடம் படித்த பையன்தான் கல்லூரி நுழைவுத் தேர்வுக்கு வருகிறான், அங்கேயும் கையைத்தான் பார்க்கிறார்கள். நாலு வருடம் கழித்து வெளியே போகும்போதும் ஃபினிஷிங்கைத்தான் பார்க்கிறார்கள். இவனுக்கு யோசிக்கத் தெரியுமா என்று யாராவது பார்க்கிற இடம் ஒன்றுகூட வழியில் இல்லை.

பள்ளியின் நிலைமை உங்களுக்கே தெரியும். வாரத்துக்கு ஒரு ஓவிய வகுப்பு, அதையும் பரீட்சை நெருங்கினால் கணக்கு சார் வாங்கிக்கொள்வார். 2012இல் அரசுப் பள்ளிகளுக்கு ஓவியம், உடற்கல்வி, தையல், இசை போன்றவற்றுக்காகப் பதினாறாயிரத்துக்கும் மேற்பட்ட பகுதிநேர ஆசிரியர்களை எடுத்தார்கள். மாதச் சம்பளம் 5,000 ரூபாய். அந்தச் சம்பளத்தில் குடும்பம் நடத்திக்கொண்டு, ஒரு குழந்தையின் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து "இந்த மரம் ஏன் இப்படிச் சாய்ந்திருக்கிறது கண்ணு?" என்று கேட்டவர்களை நான் அறிவேன். அவர்களை எல்லாம் நினைத்தால் எனக்குக் கண் கலங்கும்.

இப்போது உங்கள் சீனியர்களின் வாதத்துக்கு வருகிறேன். 'நம் முன்னோடிகள் படித்தா வரைந்தார்கள்?' என்று கேட்பார்கள். ஆமாம், படித்துத்தான் வரைந்தார்கள். சென்னைப் பள்ளியின் பெருமை என்று நாம் எதையெல்லாம் சொல்கிறோமோ அதெல்லாம் பாடத்திட்டத்துக்கு வெளியே, வாசிப்பிலும் சண்டையிலும் பிறந்தது.

சிற்பி தேவி பிரசாத் ராய் சௌதுரி 1929இல் அந்தக் கலைப் பள்ளியின் பொறுப்புக்கு வந்தார், அந்தப் பதவியில் அமர்ந்த முதல் இந்தியர். மெரினாவில் நான்கு பேர் பாறையை நெம்புகிறார்களே, அந்த உழைப்பாளர் சிலை அவர் செய்தது. அவர் வங்க மொழியில் கதைகளும் எழுதியவர். அவருக்குப் பின் 1957இல் அந்தப் பள்ளியின் முதல்வரான ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் அதற்கு முன்பே, 1944இல், முற்போக்கு ஓவியர் சங்கத்தைத் தொடங்கியிருந்தார். 1960களின் தொடக்கத்தில் அந்தச் சங்கம் 'ஆர்ட்ரெண்ட்ஸ்' என்று ஒரு பத்திரிகை நடத்தியது. ஓவியர்களே எழுதி, ஓவியர்களே சண்டை போட்ட பத்திரிகை. ஐரோப்பிய நவீனத்தை அப்படியே எடுப்பதா, நம் மண்ணில் வேர் எங்கே இருக்கிறது என்று அவர்கள் வருடக்கணக்கில் வாதாடினார்கள். அந்த வாதத்தின் விளைவாகத்தான் பணிக்கரின் கடைசிக்காலப் படங்களில் ஜாதகக் கட்டமும் கணக்கு வாய்ப்பாடும் எழுத்துப் போன்ற கிறுக்கலும் வந்து உட்கார்ந்தன. 1966இல் ஈஞ்சம்பாக்கத்தில் ஓவியர்களே சேர்ந்து அமைத்த சோழமண்டலம் கிராமம் எழுந்தபோது, மெழுகு பூசிச் சாயமேற்றும் பாத்திக் துணியும் கைவினைப் பொருளும் விற்றுப் பிழைத்துக்கொண்டு, தங்களுக்குப் பிடித்ததை வரையலாம் என்று முடிவு செய்ததும் ஒரு சிந்தனைதான். வாங்குகிறவனுக்காகப் படத்தை மாற்றக் கூடாது, சோற்றுக்கு வேறு வழி பார்ப்போம் என்று உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள்.

சிற்பி தனபால் இளமையில் நடனம் பயின்று மேடையேறியவர். அவர் செய்த உருவங்கள் நிற்கும் தோரணையைப் பாருங்கள், அந்த உடம்பு எங்கிருந்து வந்தது என்று புரியும். ஓவியர் ஆதிமூலம் 1969இல், காந்தி நூற்றாண்டில், காந்தியைக் கோட்டோவியமாக நூறு விதத்தில் வரைந்து பார்த்தார். இளமைக் காந்தியிலிருந்து முதுமைக் காந்தி வரை. அதற்கு அவர் காந்தியைப் பற்றி எவ்வளவு வாசித்து அசைபோட்டிருக்க வேண்டும்! அவர் சிறுபத்திரிகைக்காரர்களோடு உட்கார்ந்து எழுந்தவர். கி. ராஜநாராயணனின் கரிசல் கட்டுரைகள் ஜூனியர் விகடனில் தொடராக வந்தபோது ஆதிமூலத்தின் கோடுகளும் கூடவே வந்தன. எழுத்தாளரின் கரிசல் மண்ணை ஓவியர் முதலில் வாசித்து உள்வாங்கினார், பிறகு அது கோடாயிற்று. இன்றைக்கு உங்கள் வகுப்பில் சமகாலத் தமிழ் எழுத்தாளர் யாரையாவது படித்தவர் எத்தனை பேர் என்று கேட்டுப் பாருங்கள். எழுத்தாளர்கள் பக்கமும் இதே கேள்வியைக் கேட்கலாம். கண்காட்சிக்கு வருகிற கவிஞர் எத்தனை பேர்? இருபக்கமும் கதவு சாத்திக் கிடக்கிறது.

அடுத்து வந்தவர்கள் முன்னோடிகளின் கேள்வியை விட்டுவிட்டு விடையை மட்டும் எடுத்துக்கொண்டதுதான் எனக்குத் தாங்க முடியாத வருத்தம். பணிக்கர் எழுத்துக்கு எப்படி வந்தார் என்ற கதை போய்விட்டது, எழுத்து மாதிரிக் கிறுக்கினால் 'நம் மரபு' என்றாகிவிட்டது. முக்கோணம் போட்டால் தாந்திரீகம். பிள்ளையாரைத் தும்பிக்கையும் வயிறுமாக இரண்டு வளைவில் போட்டால் நவீனம். பிள்ளையார் விற்கிறார், அதனால் அடுத்த மாதமும் பிள்ளையார். விற்பதை நான் குறை சொல்லமாட்டேன். வீட்டு வாடகை கொடுக்க வேண்டிய மனிதனுக்கு அது தெரியும். ஆனால் விற்ற படத்தையே தன் பாணி என்று நம்பத் தொடங்குகிற நாளில் ஓவியன் நின்றுபோகிறான். பாணி கிடைத்துவிட்டது, விருதும் ஒன்றிரண்டு வந்துவிட்டது, இனி யாரிடம் என்ன கேட்க வேண்டும் என்ற நிம்மதி வருகிறதே, அந்த நிம்மதியைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கிறது.

இந்த நிம்மதி பல வேடத்தில் வரும். கண்காட்சியில் 'தலைப்பிடப்படாதது' என்ற சீட்டின் கீழே நின்று கேட்டால், "உணர்வுகளின் வெளிப்பாடு சார்" என்பார்கள். எந்த உணர்வு என்று கேட்டால் பேச்சு நின்றுவிடும். இன்ஸ்டாகிராமில் நடிகர் முகத்தைக் கட்டம் போட்டு, போட்டோவிலிருந்து ஒவ்வொரு மயிரிழையாக வரைந்து, '140 மணி நேரம்' என்று கீழே எழுதுகிறார்கள். அந்தப் பிள்ளைகளின் பொறுமையை நான் மதிக்கிறேன். ஆனால் அத்தனை மணி நேரத்தில் ஒரு நிமிடமாவது, இந்தப் போட்டோ எடுத்தவர் விளக்கை ஏன் இடப்பக்கம் வைத்தார் என்று யோசித்தாயா என்று கேட்டால் முகத்தை முகத்தைப் பார்க்கிறார்கள். அப்புறம் பின்டரெஸ்ட், படம் தேடிப் பார்க்கிற இணையதளம். ஒரு வகுப்பில் 'சந்தை' என்று தலைப்புக் கொடுத்தேன். பதினெட்டுப் பேரில் பதினான்கு பேர் படத்தில் கூடைக்காரி ஒரே கோணத்தில் உட்கார்ந்திருந்தாள். எல்லாரும் செல்போனில் ஒரே படத்தைப் பார்த்திருக்கிறார்கள். சந்தை அங்கிருந்து பத்து நிமிட நடை.

நடை என்றதும் இன்னொன்று. சென்னைக் கல்லூரியிலிருந்து எழும்பூர் அருங்காட்சியகமும் நடக்கிற தூரம்தான். அங்கே படிமக் கூடத்தில், வெண்கலச் சிலைகள் இருக்கும் இடத்தில், திருவாலங்காட்டு நடராசர் இருக்கிறார். பிரெஞ்சுச் சிற்பி ரோதன் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. இந்த அருங்காட்சியகத்தின் நடராசர் படிமங்களைப் புகைப்படத்தில் மட்டும் பார்த்துவிட்டு, தன் கடைசி ஆண்டுகளில், உதடு, தோள், கால் என்று ஒவ்வொரு உறுப்பாக நிறுத்தி நிறுத்திப் பார்த்து ஒரு கட்டுரை எழுதினார். அவர் இறந்த பிறகு 1921இல் அது அச்சில் வந்தது. வாழ்நாள் முழுக்கக் களிமண்ணைப் பிசைந்த கை, எழுபது வயதுக்கு மேல், எங்கோ ஒரு நாட்டுச் சிலையின் புகைப்படத்தைப் பார்த்துச் சொல் தேடி உட்கார்ந்திருக்கிறது. எழுதுவது விமர்சகன் வேலை என்று அவர் நினைக்கவில்லை. எழுத எழுதத்தான் அவர் பார்த்தார்.

நாம் பக்கத்திலேயே இருக்கிறோம். நான் மாணவர்களை அங்கே கூட்டிப்போகும்போது பத்து நிமிடத்தில் வரைய ஆரம்பித்துவிடுவார்கள், அரை மணியில் முடித்துவிடுவார்கள். கோடு நன்றாகவே இருக்கும். "இவருக்கு என்ன இல்லை?" என்று கேட்பேன். விழிப்பார்கள். இந்த நடராசருக்குச் சுற்றித் திருவாசி என்ற நெருப்பு வளையம் இல்லை, பறக்கும் விரிசடை இல்லை. நாம் காலண்டரிலும் கோயிலிலும் பார்த்துப் பழகிய ஆட்டத்தின் வேகமெல்லாம் அந்த இரண்டிலும்தான் இருக்கிறது. அவை இல்லாமலே இந்த உடம்பு எப்படிச் சுழல்கிறது? முயலகன்மேல் ஊன்றிய வலக்கால் எவ்வளவு மடங்கியிருக்கிறது, தூக்கிய இடக்கால் குறுக்கே வரும்போது இடுப்பு எந்தப் பக்கம் போகிறது, இவ்வளவு நடந்தும் முகம் ஏன் அசையாமல் இருக்கிறது? இதைக் கேட்டுவிட்டு மறுபடி வரையச் சொன்னால் இரண்டாவது படம் வேறு மாதிரி வரும். முதல் படத்தில் வெளிவரையை வரைந்திருப்பார்கள். இரண்டாவதில் எடை இருக்கும்.

சித்தன்னவாசலிலும் இதே கதை. கூரையில் தாமரைக் குளம், மீன், அன்னம், யானை, எருமை, பூப் பறிக்கும் ஆட்கள். பிரதி எடுக்கிற மாணவர்கள் இலையின் வளைவை அற்புதமாகப் பிடிப்பார்கள். சமணர் குகையின் கூரையில் குளம் எதற்கு என்று கேட்க மாட்டார்கள். தீர்த்தங்கரர் உபதேசம் செய்யும் சமவசரணத்துக்குப் போகிற வழியில் வரும் குளமாக அதை அறிஞர்கள் விளக்குகிறார்கள். அது தெரிந்த பிறகு அந்தப் பூப் பறிப்பவர்களின் முகத்தைப் பாருங்கள். வேலை செய்கிற முகமா அது? தீர்த்தங்கரரைக் காணப் போகிற வழியில் பூப் பறிக்கிற முகம். அந்தத் தகவல் புத்தகத்தில்தான் கிடைக்கும், கூரையில் எழுதியில்லை.

மொழியும் ஒரு தடை, அதை மறைக்கக் கூடாது. உங்களில் பாதிப் பேருக்கு மேல் கிராமத்திலிருந்து, தமிழ் வழியில் படித்து வந்தவர்கள். வீட்டிலேயே முதல் பட்டதாரிகள். கலை வரலாற்றுப் புத்தகமோ பெரும்பாலும் ஆங்கிலத்தில். அதனால் அந்தப் பாடம் நோட்ஸாகச் சுருங்கி, தேர்வுக்கு முந்தின ராத்திரி மனப்பாடமாகிறது. 'ரினைசான்ஸ் ஐந்து மதிப்பெண்' என்று. கம்போசிஷன், டோன், பெர்ஸ்பெக்டிவ் என்று சொற்கள் வாயில் வரும். அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு தன் ஊர்த் திண்ணையைப் பற்றி நாலு வரி பேச வராது. தன் மொழியில் பேச முடியாததை மனிதன் வெகுநேரம் யோசிக்க மாட்டான். இது பிள்ளைகளின் குற்றம் இல்லை. எங்களைப் போன்ற ஆசிரியர்கள் தமிழில் எழுதித் தந்திருக்க வேண்டியது, தரவில்லை. நானும் குற்றவாளிதான்.

சொல் நம்மிடம் இல்லாமல் இல்லை. சுவாமிமலையில் மெழுகில் உருச்செய்யும் ஸ்தபதி, செய்யப்போகும் சிலையின் உயரத்துக்குத் தென்னை ஓலையை நறுக்கி, மடித்து மடித்து அளவு குறித்துக்கொள்வார். ஒடியோலை என்பார்கள். முகம் எத்தனை, கழுத்து எத்தனை, மார்பு எத்தனை என்று அந்த மடிப்பிலேயே இருக்கும். உடல் அளவுக்குத் தாளம், உடல் வளைவுக்குப் பங்கம் என்று ஒவ்வொன்றுக்கும் அவரிடம் சொல் உண்டு. கல்லூரிப் படிப்புப் படித்த நமக்கு இது தெரியாமல் போனது பெரிய நஷ்டம். அங்கேயும் ஒரு தூக்கம் உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன். 'சாஸ்திரத்தில் இப்படி, அதனால் இப்படி' என்று நின்றுவிட்டால், அதே அளவுகளை வைத்துக்கொண்டு சோழர் காலத்து ஸ்தபதிக்கு மட்டும் அந்த இடுப்பு எப்படி வந்தது என்ற கேள்வி எழாமல் போய்விடும்.

நம் பழைய நூல்கள் கலைஞனிடம் எதிர்பார்த்ததைப் பார்த்தால் மலைப்பாக இருக்கும். சிலப்பதிகாரத்தில் அரங்கேற்று காதையை எடுத்துப் படியுங்கள். மாதவியின் அரங்கேற்றத்துக்கு யார் யார் வேண்டும், அவர்களுக்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்று இளங்கோ பட்டியல் போடுகிறார். தண்ணுமை வாசிப்பவருக்கு ஆடல், பாடல், இசை தெரிய வேண்டும் என்பதோடு தமிழும் தெரிய வேண்டும் என்கிறார். தோற்கருவி அடிக்கிறவருக்குத் தமிழ் எதற்கு என்று அந்தக் காலத்தில் யாரும் கேட்கவில்லை. மணிமேகலையில் 'ஓவியச் செந்நூல்' என்று வருகிறது. ஓவியத்துக்கு நூல் இருந்திருக்கிறது, அதைக் கற்றுத் துறைபோனவள் என்று ஒரு பெண்ணைச் சொல்கிறார்கள். 'கலைஞனுக்குப் படிப்பு வேண்டாம், உள்ளுணர்வு போதும்' என்பது நம் மரபின் குரல் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

குஜராத்தில் இருக்கும் பரோடாவில் வேறு மாதிரி நடந்தது. 1950 வாக்கில் அங்கே நுண்கலைப் புலம் தொடங்கியபோதே கலை வரலாற்றுக்கும் விமர்சனத்துக்கும் இடம் ஒதுக்கினார்கள். ஓவியம் படிக்கிறவனும் கலை வரலாறு படிக்கிறவனும் ஒரே டீக்கடையில் சண்டை போட்டார்கள். அங்கே ஆசிரியராக இருந்த கே.ஜி. சுப்ரமணியன் கேரளத்தில் பிறந்த தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை. சென்னை மாநிலக் கல்லூரியில் பொருளாதாரம் படிக்கும்போது விடுதலைப் போராட்டத்தில் இறங்கிச் சிறைக்குப் போனவர், பிறகு சாந்திநிகேதன் போய் ஓவியம் கற்றவர். படம் வரைந்தார், சுவரோவியம் செய்தார், குழந்தைகளுக்குப் பொம்மை செய்தார், வாழ்நாள் முழுக்கக் கட்டுரையும் எழுதினார். அவரிடம் படித்தவர்கள் வாயை மூடிக்கொண்டு படம் மாட்டுகிற ஆட்களாக வெளியே வரவில்லை. சென்னையில் கலை வரலாறு அப்படி ஒரு தனித் துறையாக வளர்ந்திருந்தால் நம் கதை வேறாக இருந்திருக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஆனால் படிப்பு என்ற பெயரிலும் சோம்பல் வரும், ஜாக்கிரதை. இப்போது கண்காட்சிக் கையேடுகளில் 'அடையாள அரசியலின் சிதைவுற்ற வெளி' என்று எழுதுகிறார்கள். படத்தைப் பார்த்தால் பழைய பெண் முகமும் மீன் விழியும் அப்படியே இருக்கும். வேறு யாரோ எழுதிக்கொடுத்த பெரிய சொல், படத்துக்கு மேலே போர்வையாகக் கிடக்கிறது. பார்க்காமல் படித்தவனுக்கு வரும் கோளாறு இது. அந்தப் பக்கமும் சாய்ந்துவிடாதீர்கள்.

குறை ஓவியரிடமா கல்லூரியிடமா என்று கேட்டீர்கள். முதல் இருபத்திரண்டு வயதுவரை கல்லூரியைச் சொல்லலாம், பள்ளியைச் சொல்லலாம், சம்பளத்தைச் சொல்லலாம். அதெல்லாம் உண்மையான காரணங்கள். நாற்பது வயதில் அதையே சொல்லிக்கொண்டிருந்தால் எனக்கு ஏற்க மனம் வராது. என் தொழுவத்துக்குப் பொன் வெயில் போட்டதற்குக் கல்லூரி காரணம். பதினோரு வருடம் அதை மாற்றாமல் சுவரில் மாட்டிவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தது நான்.

கல்லூரியை நீங்கள் இந்த வருடமே மாற்ற முடியாது. ஆனால் ஒரு காரியம் செய்யலாம். நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒருவர் படத்தை மட்டும் சுவரில் மாட்டுங்கள். வரைந்தவர் முதல் அரை மணி நேரம் வாய் திறக்கக் கூடாது. மற்றவர்கள் என்ன தெரிகிறது என்று மட்டும் சொல்லட்டும். நன்றாக இருக்கிறது, இல்லை என்ற பேச்சே வேண்டாம். "இந்தச் சுவர் ஏன் ஈரமாக இருக்கிறது?" என்ற மாதிரிக் கேளுங்கள். ஓவியம் தெரியாத ஒருவரையும் கூப்பிட்டுக்கொள்ளுங்கள். தமிழ் வாத்தியார், தறிக்காரர், நர்ஸ், யாரானாலும் சரி. முதல் இரண்டு மாதம் சங்கடமாக இருக்கும், யாராவது கோபித்துக்கொண்டு போவார்கள். மூன்றாவது மாதம் திரும்பி வருவார்கள்.

அதற்கு முன்னால் எழும்பூர் போய்விட்டு வாருங்கள். வெள்ளிக்கிழமை விடுமுறை, மற்ற நாளில் காலையிலேயே போனால் கூட்டம் இருக்காது. படிமக் கூடத்தில் ஒரே ஒரு சிலை முன்னால் ஒரு மணி நேரம் நில்லுங்கள். பென்சிலைப் பையிலேயே வைத்திருங்கள், செல்போனையும்தான். வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து, பார்த்ததை உங்கள் ஊர்த் தமிழில் ஒரு பக்கம் எழுதுங்கள். எழுத்துப்பிழை இருந்தால் இருக்கட்டும். பிறகு உள்ளே போய் வரையுங்கள். எழுதிய பக்கத்தை எனக்கு அனுப்பிவையுங்கள் தம்பி, படத்தை நேரில் பார்க்கும்போது பார்த்துக்கொள்கிறேன்.